புதிய செல்போன் பழுதாக வந்துவிட்டதா? சென்னைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு அம்மாவுக்கென்று தியாகராய நகரில் ஒரு செல்போன் வாங்கினேன். விலை 14,500 ரூபாய். பெட்டியைப் பிரித்து, சிம் போட்டு, சாமி படத்தின் முன் வைத்து எடுத்த பிறகு அம்மா முதல் அழைப்பை மதுரையில் இருக்கும் சித்திக்குப் போட்டார். "அக்கா, நீ பேசுவது ஒன்றுமே கேட்கவில்லையே" என்றார் சித்தி. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் கேட்டது. காதில் வைத்துப் பேசினால் அம்மாவின் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. மறுநாளே கடைக்குப் போனேன். "இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள் அக்கா, சரியாகிவிடும்" என்று விற்பனையாளர் தம்பி அன்பாகச் சொன்னார். நம்பித் திரும்பினேன். ஒன்பதாம் நாள் மறுபடி போனபோது, "ஏழு நாள் தாண்டிவிட்டதே, இனி சர்வீஸ் சென்டர்தான்" என்றார் அதே தம்பி. நான் முதல் முறை வந்து போனதற்கு அடையாளமாக ஒரு துண்டுச் சீட்டுகூட என் கையில் இல்லை.

அந்தத் துண்டுச் சீட்டு இல்லாததால் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் அலைச்சல். வேலைக்காகவோ படிப்புக்காகவோ சென்னைக்கு வந்து, முதல் சம்பளத்திலோ வீட்டில் கொடுத்த பணத்திலோ செல்போன் வாங்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வாங்கும் நொடியிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்

பில் வாங்காமல் வராதீர்கள். செல்போனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறது. "பில் வேண்டாமென்றால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அங்கே குறைவது விலை மட்டுமல்ல. வாரண்டி கேட்கவும், கடையைக் கேள்வி கேட்கவும் உங்களுக்கு இருக்கும் பிடிமானமும் அதோடு போய்விடுகிறது. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடவடிக்கை. பர்மா பஜாரின் சின்னக் கடையானாலும் பெரிய ஷோரூமானாலும் இதில் வேறுபாடு இல்லை.

பில்லில் மாடலின் பெயரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இருக்க வேண்டும். ஐ.எம்.இ.ஐ. என்பது ஒவ்வொரு செல்போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண். செல்போனை அங்கேயே இயக்கி *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். இரண்டு சிம் போடும் செல்போனில் இரண்டு எண்கள் வரும். திரையில் வருவது, பெட்டியின் மேல் ஒட்டியிருப்பது, பில்லில் அச்சிட்டிருப்பது மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நிதானமாக ஒப்பிட்டுப் பாருங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தச் செல்போனின் நிறுவனம், மாடல் விவரங்கள் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். முடக்கப்பட்டது என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றோ பதில் வந்தால் அந்தப் பெட்டியைக் கையாலும் தொடாதீர்கள்.

பில் அச்சிட்ட தாள், வெப்பத்தில் எழுத்து மங்கிப்போகும் வகையாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். எடுத்த படம் புதுச் செல்போனுக்குள் மட்டும் இருந்தால், அதுவே பழுதாகும்போது பில்லும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

முதல் இரண்டு நாள்கள்

பெரும்பாலான கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் மாற்றித் தரும் காலம் ஏழு நாள். சில இடங்களில் பத்து நாள். ஆகவே வாங்கிய அன்றும் மறுநாளும் முழுச் சோதனையை முடித்துவிட வேண்டும். ஊரிலிருந்து வரும் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பொங்கலுக்குக் கொடுக்கப்போகிற செல்போனாக இருந்தாலும் வாங்கிய அன்றே பிரித்துப் பாருங்கள்.

சோதிக்கும்போது அம்மாவின் செல்போனில் நான் தவறவிட்டதை நீங்கள் தவறவிடாதீர்கள். பல செல்போன்களில் மைக் ஒன்றல்ல; கீழே ஒன்றும் மேலேயோ பின்புறமோ இன்னொன்றும் இருக்கும். காதில் வைத்துப் பேசும்போது ஒன்று வேலை செய்யும். ஸ்பீக்கரில் போடும்போதோ வீடியோ எடுக்கும்போதோ மற்றொன்று வேலை செய்யலாம். அதனால் காதில் வைத்து ஒரு அழைப்பு, ஸ்பீக்கரில் ஒரு அழைப்பு, குரல் பதிவு ஒன்று, வீடியோ பதிவு ஒன்று என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கடையில் எனக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் காட்டினார்கள். அதில் குறை தெரியவே வாய்ப்பில்லை.

திரைக்கு முழு வெள்ளைப் படமும் முழுக் கறுப்புப் படமும் வைத்துப் பாருங்கள். எரியாத புள்ளியும் நிறம் மாறிய ஓரமும் அப்போதுதான் தெரியும். ஒரு செயலியின் குறியீட்டை விரலால் அழுத்திப் பிடித்துத் திரை முழுவதும் இழுத்துச் செல்லுங்கள். நடுவில் எங்கேயாவது அது கைவிட்டு நழுவினால் அந்த இடத்தில் டச் சரியில்லை. இரண்டு சிம் இடங்கள், வைஃபை, புளூடூத், கைரேகை, முன் பின் கேமராக்கள், அதிர்வு, சார்ஜ் ஏறும் வேகம் என்று மற்றவற்றை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

சூடாவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சென்னை. செல்போன்கள் 35 டிகிரி செல்சியஸ் வரையான சூழலில் பயன்படுத்துவதற்கு உரியவை என்று பல நிறுவனங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. மே மாதம் மதியத்தில், வெயிலில் நிற்கும் பைக்கில் மாட்டி வழி பார்த்துக்கொண்டு போனால் எந்தச் செல்போனும் கொதிக்கும். அதைப் பழுது என்று சொல்லிக்கொண்டு போனால் சர்வீஸ் சென்டரில் எடுபடாது. இரவில் மின்விசிறிக்குக் கீழே, சார்ஜில் போடாமல், சாதாரண அழைப்புப் பேசும்போதே சூடாகிறதா என்று பாருங்கள். அப்படிச் சூடானால் அது உண்மையான குறை.

பழுதா, வேறு காரணமா?

கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் இதற்குச் செலவிடுங்கள். பின் உறையையும் திரைமேல் ஒட்டிய கண்ணாடியையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். மைக் துளையையோ காதருகே உள்ள சென்சாரையோ அவை மறைத்துக்கொண்டு தொல்லை தருவது உண்டு. சிக்னல் பிரச்சினை என்றால் வேறு நிறுவனத்தின் சிம் போட்டுப் பாருங்கள். தானாக அணைந்து எழுகிறது, இழுத்து இழுத்து ஓடுகிறது என்றால் சேஃப் மோடில் இயக்கிப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு செல்போன்களில் அணைக்கும் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் பவர் ஆஃப் குறியீட்டின்மேல் விரலைச் சிறிது நேரம் அழுத்தி வைத்தால், சேஃப் மோடுக்குப் போகலாமா என்று கேட்கும். சேஃப் மோடில் நீங்கள் நிறுவிய செயலிகள் ஓடாது. அங்கேயும் அதே குறை தொடர்ந்தால் செயலிமேல் பழி போட முடியாது. மென்பொருள் புதுப்பிப்பு காத்திருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் முதல் நாள் அதிலேயே கழியும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். செல்போனின் முதுகு உப்பியிருந்தால், திரை ஓரத்தில் விலகி மேலெழும்பினால், இனிப்பும் ரசாயனமும் கலந்த வாடை வந்தால், பேட்டரி பழுது. உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜில் போடாதீர்கள். அழுத்திப் பார்க்காதீர்கள். மெத்தையிலோ தலையணைக்குப் பக்கத்திலோ வைக்காமல், தரையில் எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

குறை உறுதியான பிறகு, இன்னொரு செல்போனில் அதை வீடியோ எடுங்கள். வீடியோவில் *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண் தெரிவதும், பில்லில் உள்ள தேதி தெரிவதும், குறை நடப்பதும் ஒரே ஓட்டத்தில், வெட்டாமல் வர வேண்டும். விட்டு விட்டு வரும் குறையென்றால் இது இன்னும் அவசியம். நீங்கள் கொண்டுபோகும் நாளில் அது ஒழுங்காக வேலை செய்து உங்களைப் பொய்யராக்கிவிடும்.

கடையில்

வார நாளில் காலையில், கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கூட்டம் நெரியும் நேரத்தில் உங்கள் பேச்சைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. பெட்டி, சார்ஜர், உள்ளே இருந்த சிறு ஊசி, கையேடு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். விற்ற பையனிடம் கோபப்படாதீர்கள். மாற்றித் தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. மேனேஜரைப் பார்த்து, "சார், 12-ஆம் தேதி வாங்கியது, வாங்கிய அன்றே இந்தக் குறை இருக்கிறது, மாற்றித் தாருங்கள்" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அவர் மாற்றித் தந்தால் நல்லது. "இரண்டு நாள் பாருங்கள்" என்றாலோ, "சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டு வாருங்கள்" என்றாலோ, அங்கேயே நின்று ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் இன்று வந்தீர்கள், இந்தக் குறையைச் சொன்னீர்கள் என்பதைப் பில்லின் பின்புறம் தேதியோடு எழுதிக் கையெழுத்தும் கடை முத்திரையும் கேளுங்கள். தர மறுத்தால் கடையின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ அதே விவரத்தைக் கடை வாசலில் நின்றபடியே அனுப்பிவிடுங்கள். நான் இதைத்தான் செய்யாமல் விட்டேன்.

பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருப்பார்கள். என் பில்லிலும் இருந்தது. அதைப் பார்த்து நானும் முதலில் பயந்தேன். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த வரியைக் காட்டலாம். குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதையும் 2019 சட்டம் நியாயமற்ற வணிக நடவடிக்கை என்றே சொல்கிறது. பில்லில் அதற்கென்று ஒரு காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள். எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள் தர வேண்டும்.

சர்வீஸ் சென்டரும் ஜாப் ஷீட்டும்

கடைக்காரர் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், மாற்றும் காலம் முடிவதற்குள் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வாங்கும்போதே பழுதாக இருந்தது என்று அங்கிருந்து தரும் சான்றைக் கடைத்தெருவில் டி.ஓ.ஏ. என்பார்கள். பெட்டியிலேயே செத்து வந்த செல்போன் என்று பொருள். அந்தத் தாள் கையில் இருந்தால் பெரும்பாலான கடைகள் மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தருகின்றன. எத்தனை நாளுக்குள் வந்தால் டி.ஓ.ஏ. தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாங்கும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முகவரியை நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ வாரண்டி அட்டையிலோ பாருங்கள். தேடுபொறியில் முதலில் கண்ணில் படும் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைக்காதீர்கள். அப்படிப் போலி எண்களை வைத்து, "பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தச் செயலியை நிறுவுங்கள்" என்று வங்கிக் கணக்கைக் காலி செய்கிற கூட்டம் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

அண்ணா சாலை பக்கத்து ரிச்சி தெருவில் எந்தச் செல்போனையும் பிரித்துச் சேர்த்துவிடும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். என் பழைய செல்போன்களுக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் வாரண்டியில் இருக்கும் புதுச் செல்போனை அங்கே பிரிக்கக் கொடுக்காதீர்கள். வெளியாள் கை வைத்தது தெரிந்தால் வாரண்டி போய்விடும். நாளை ஆய்வகச் சோதனை என்று வந்தாலும், குறை பிறவியிலேயே இருந்ததா பிரித்ததால் வந்ததா என்ற கேள்வி எழும்.

கொடுப்பதற்கு முன் தரவுகளை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். யு.பி.ஐ., வங்கிச் செயலிகளை நீக்கிவிடுங்கள். முடிந்தால் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு முழுமையாக ரீசெட் செய்து கொடுங்கள். சில நிறுவனங்களின் செல்போன்களில் பழுதுபார்ப்போருக்கென்று தனி முறை ஒன்று அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதை இயக்கினால் அவர்களால் உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது. திரைப்பூட்டு எண்ணைத் தாளில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். இளம்பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் செல்போனை ஜிப் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். சிம் இடத்துக்குள்ளோ உட்புறமோ ஒரு சிறு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். சிவந்திருந்தால் தண்ணீர் புகுந்தது என்று எழுதி வாரண்டியை மறுத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்க்க முடிகிற ஸ்டிக்கராக இருந்தால், கொடுக்கும் முன்பு அது வெள்ளையாக இருப்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செல்போனின் நான்கு ஓரங்கள், திரை, முதுகு எல்லாவற்றையும் அந்த மேசையில் வைத்தே படம் எடுங்கள். புதிய கீறல் வந்தால் யாருடையது என்பதில் சண்டை வராது.

இப்போது ஜாப் ஷீட். செல்போனை வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் தரும் தாள் அது. அதை அவசர அவசரமாக அச்சிட்டு, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று நீட்டுவார்கள். அம்மாவின் செல்போனுக்கு முதல் ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? மென்பொருள் புதுப்பிக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதாக! நான் அப்படிக் கேட்கவே இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நான்கு நாள் கழித்துப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். குறை அப்படியே இருந்தது. ஆனால் தாளின்படி, நான் கேட்டது செய்து முடிக்கப்பட்டுவிட்டது.

இரண்டாம் முறை போனபோது மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம், "நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள்" என்றேன். "காதில் வைத்துப் பேசும்போது என் குரல் எதிர்முனைக்குக் கேட்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து இருக்கிறது." இவ்வளவுதான். வாங்கிய நாளிலிருந்து என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். வாங்கிய தேதி, கொடுத்த தேதி, வாரண்டியில் உள்ளது என்ற குறிப்பு, வெளிப்புறக் கீறல் இல்லை என்ற குறிப்பு, திருப்பித் தரும் தேதி எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் கவலைப்படாதீர்கள். திரும்ப வாங்கும்போது என்ன பாகம் மாற்றினார்கள் என்று எழுதிய தாளையும் கேட்டு வாங்குங்கள். "பிரச்சினை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினால், அங்கேயே அவர்கள் கண்முன் அந்தக் குறையைச் செய்து காட்டி, அதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரே குறைக்கு இரண்டு ஜாப் ஷீட் கையில் சேர்ந்துவிட்டால் உங்கள் நிலை வலுவாகிவிட்டது.

இணையத்தில் வாங்கியிருந்தால்

பெட்டியைத் திறந்து காட்டித் தரும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கொண்டுவருபவர் முன்னால் திறந்து, இயக்கிப் பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், ஒட்டுநாடா பிரியாத பெட்டியிலிருந்து செல்போன் உயிர்பெறும் வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

மாற்றக் கேட்டு மறுத்துவிட்டால், அந்தத் தளத்திலேயே குறைதீர் அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்கும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவை கட்டாயம். அவர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் வந்து சேர்ந்ததை உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். சாட் பெட்டியில் எழுதிக்கொண்டே இருக்காமல், அந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சாட் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தவணையில் வாங்கியவர்கள், செல்போன் பழுது என்பதற்காகத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனம். தவறினால் அபராதமும் வரும், உங்கள் கடன் மதிப்பெண்ணும் விழும். பணம் திரும்பி வரும்போது கடனை ரத்து செய்துவிட்டதாக எழுத்தில் வாங்குங்கள்.

கடிதம்

பேச்சு முடிந்த இடத்தில் கடிதம் தொடங்க வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே தமிழில் எழுதலாம். கடைக்கு ஒன்று, செல்போன் நிறுவனத்துக்கு ஒன்று. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இன்ன தேதியில் தங்கள் கடையில் இன்ன மாடல் செல்போனை 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். பில் எண், ஐ.எம்.இ.ஐ. எண் கீழே உள்ளன. வாங்கிய அன்றிலிருந்து, காதில் வைத்துப் பேசும்போது என் தாயாரின் குரல் எதிர்முனைக்குக் கேட்கவில்லை. மறுநாளும் ஒன்பதாம் நாளும் நேரில் வந்து தெரிவித்தேன். சர்வீஸ் சென்டரில் இருமுறை கொடுத்தும் குறை நீங்கவில்லை. ஜாப் ஷீட் நகல்களை இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் இதே மாடலில் புதிய செல்போன் தர வேண்டும், அல்லது செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். தவறினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்."

திட்டாதீர்கள். மன உளைச்சலை விவரிக்க வேண்டாம். தேதியும் எண்ணும் பேசட்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சென்று சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். மூலத் தாள்களை யாருக்கும் அனுப்பாதீர்கள், நகல்கள் மட்டும்.

1915

கடிதம் அனுப்பிய கையோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். வாட்ஸ்அப்பில் 8800001915 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். பதிவு எண் தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். இது நீதிமன்றமல்ல, தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கடை மேசையில் நகராத காரியம், நிறுவனத்தின் தலைமையகத்துக்குப் புகார் போனதும் நகர்வது உண்டு. எனக்கு அப்படித்தான் ஆனது. 1915-இல் பதிந்த ஒன்பதாம் நாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, ஜாப் ஷீட் எண்களை மட்டும் கேட்டார். அடுத்த வாரம் மாற்றுச் செல்போன் வந்தது. படிக்காமல் கையெழுத்திட்ட முதல் தாளை அவர் ஒதுக்கிவிட்டார், இரண்டாவதுதான் பேசியது.

மாவட்ட ஆணையம்

அதற்கும் மசியாவிட்டால் ஆணையத்துக்குப் போகலாம். பலர் இந்தப் பெயரைக் கேட்டதும் செலவுக்குப் பயந்து பின்வாங்குகிறார்கள். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. நீங்களே வாதாடலாம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் உதவும் பகுதி ஒன்று உண்டு. நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே முறையிடலாம். திருநெல்வேலியில் வாங்கிய செல்போனுக்கு வேளச்சேரியில் குடியிருந்துகொண்டு சென்னையில் முறையிட முடியும். செல்போனை நீங்கள் வாங்கி அம்மா பயன்படுத்தினாலும் அம்மாவும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான்.

சென்னை வடக்கு, சென்னை தெற்கு என்று ஆணையங்கள் பிரிந்திருக்கின்றன. நேரில் போக முடியாதவர்கள், நுகர்வோர் வழக்குகளுக்கென்று அரசு நடத்தும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காணொலி வழியாக விசாரணைக்கு அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கடையையும், செல்போன் நிறுவனத்தையும், சர்வீஸ் சென்டரையும் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரைச் சேர்த்து ஒருவரை விட்டால், சேர்த்தவர் விடுபட்டவர்மேல் கையைக் காட்டுவார்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், தேவைப்பட்டால் இன்னும் 15 நாள் அவகாசம். ஆய்வகச் சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்துக்குள்ளும், தேவைப்படுவதை ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்பதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். சோதனைக்கு அனுப்பினால் அதற்கான கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். குறையை நீக்கச் சொல்லவும், மாற்றித் தரச் சொல்லவும், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும், இழப்பீடு வழங்கச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

மாற்றுச் செல்போன் கைக்கு வந்த பிறகு

இங்கே பலர் மகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். புதிதாக வந்த செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண் வேறு, உங்கள் கையில் இருக்கும் பில்லில் பழைய எண் இருக்கிறது. இப்படியே விட்டால், எட்டு மாதம் கழித்துத் திரை போகும்போது, இந்தப் பில் இந்தச் செல்போனுக்கு உரியது அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே புது எண்ணோடு புதிய பில்லோ, மாற்றித் தந்ததற்கான முத்திரையிட்ட கடிதமோ வாங்குங்கள். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பெட்டியின் முத்திரை பிரியாமல் இருக்கிறதா, புதியதா அல்லது பழுதுநீக்கியதைத் தருகிறார்களா என்று அங்கேயே பாருங்கள். *#06# அழுத்தி எண்ணை ஒப்பிடுங்கள்.

அம்மாவின் மாற்றுச் செல்போன் வந்த அன்று கடையிலேயே நின்று சித்தியை அழைத்தேன். காதில் வைத்துத்தான் பேசினேன். "கேட்கிறது, கேட்கிறது, அம்மாவிடம் கொடு" என்றார் சித்தி. பில்லைத் திருத்தி முத்திரை வாங்கிக்கொண்ட பிறகு வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன்.